கரிசல் மழையின் நாட்காட்டி: கோவில்பட்டி வட்டார ஊர்களின் வானிலையும் வாழ்வும்

கோவில்பட்டியிலிருந்து தெற்கே கயத்தாறு போகும் வழியில் இருக்கிறது இடைசெவல். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊர் என்பதால் தமிழ் வாசகர்களுக்கு அதன் பெயர் பழக்கம். தூத்துக்குடி மாவட்டத்தின் வடபகுதியில் கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டங்களில் இதைப் போன்ற சிற்றூர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. ஊரைச் சுற்றிக் கரிசல் என்னும் கறுப்பு மண். ஊருக்கு ஓர் ஊருணி, ஒரு கண்மாய். வற்றாத ஆறு இல்லை, அணை இல்லை, வாய்க்கால் இல்லை. கோவில்பட்டி நகரத்தின் குடிநீரே தாமிரபரணிக் கரையிலுள்ள சீவலப்பேரியிலிருந்து குழாயில் ஏறி வருகிறது. குடிக்கும் தண்ணீருக்கே இந்த நிலை என்றால், பயிருக்கு வானத்தைத் தவிர வேறு வழி இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே நடப்பது மானாவாரி விவசாயம்.

இந்த வட்டாரத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 700 மி.மீ. அரசு ஆவணங்களும் செய்திகளும் வறட்சி நிவாரணக் கணக்குகளும் இந்த எண்ணைச் சுற்றியே நடக்கின்றன. இயல்பைவிடக் குறைந்தால் வறட்சி, கூடினால் வளம் என்பது அவற்றின் அளவுகோல். கரிசல் விவசாயியின் அளவுகோல் வேறு. புரட்டாசியில் விதை முளைக்க ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் பயிர் நிற்க மூன்று நான்கு மழை, தை பிறந்த பின் ஒரு சொட்டும் வேண்டாம். இந்த வரிசை அமைந்தால் 400 மி.மீ. மழையிலும் களம் நிறையும். வரிசை குலைந்தால் 900 மி.மீ. பெய்தும் வீடு வெறுமையாகும். கரிசல் ஊர்களின் வானிலையை நாள்களாலும் மண்ணின் இயல்பாலும்தான் படிக்க முடியும். ஆண்டுச் சராசரியைக் கொண்டு படித்ததால் நாம் இந்த ஊர்களுக்குத் தொடர்ந்து அநீதி செய்து வருகிறோம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மலையின் மறைவில்

கேரளத்தில் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கும்போது மேற்குத் தொடர்ச்சி மலை ஈரத்தைத் தன் மேற்குச் சரிவிலேயே கறந்துகொள்கிறது. குற்றாலத்தில் சாரல் விழும் அதே நாள்களில், அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கும் கோவில்பட்டிக் காடுகளில் புழுதிதான் பறக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் காற்று, ஈரத்தை மலைக்கு அப்பால் உதிர்த்துவிட்டு வேகத்தை மட்டும் கொண்டுவருகிறது. வைகாசியிலிருந்து ஆவணி வரை இந்தக் காற்று ஓயாது. கயத்தாறு வட்டாரத்தில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதும், காற்றாலை ஆய்வு நிலையம் அங்கே அமைந்ததும் இதனால்தான். மின்சாரத்துக்கு வரமான இதே காற்று மண்ணின் மேற்பரப்பில் எஞ்சிய கோடை ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. ஆண்டு முழுதும் ஆவியாகப் போகக்கூடிய நீரைக் கணக்கிட்டால், பெய்யும் மழையைப்போல் இரு மடங்குக்கு மேல் வரும்.

ஆகவே ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழி காவிரிக் கரைக்குப் பொருந்தும் அளவுக்கு இங்கே பொருந்தாது. கரிசலுக்குரியது புரட்டாசிப் பட்டம். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. அதற்கு முன்னால் சித்திரையிலும் ஆவணி, புரட்டாசியிலும் மாலை நேரத்து இடிமழைகள் வரும். பகல் வெக்கையில் எழும் மேகம் ஓர் ஊருக்குப் பெய்துவிட்டு அடுத்த ஊரைத் தாண்டிப் போகும். ஓடைக்கு இந்தப் பக்கம் உழவு, அந்தப் பக்கம் புழுதி என்பது இங்கே வழக்கமான காட்சி.

வடகிழக்குப் பருவமும் சீராக வருவதில்லை. வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலம் சென்னையையோ ஆந்திரக் கரையையோ நோக்கிப் போனால், தெற்கிலுள்ள ஈரக் காற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். தொலைக்காட்சியில் புயல் எச்சரிக்கை ஓடிக்கொண்டிருக்கும் வாரத்தில் கோவில்பட்டியில் வெயில் காய்வது இதனால்தான். மன்னார் வளைகுடாவையும் குமரிக் கடலையும் ஒட்டி மெல்ல நகரும் காற்றுச் சுழற்சிகளும், கிழக்கிலிருந்து அலையலையாக வரும் ஈரக் காற்றும்தான் இந்த வட்டாரத்துக்கு மழை தருபவை. பெரிய புயல்களைவிட, பெயர் வைக்கப்படாத இத்தகைய சுழற்சிகளே கரிசலின் உண்மையான விருந்தாளிகள்.

தொலைவிலுள்ள கடல்களுக்கும் இதில் பங்குண்டு. பசிபிக் பெருங்கடல் வெப்பமடையும் எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவின் பெரும்பகுதியில் தென்மேற்குப் பருவமழை குன்றும். தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையோ அந்த ஆண்டுகளில் கூடும் போக்குடையது. லா நினா ஆண்டுகளில் இதற்கு மாறான போக்கு. இது போக்கு மட்டுமே, விதி ஆகாது. 2021 லா நினா ஆண்டாக இருந்தும் தமிழகத்தில் அடைமழை கொட்டியது. டெல்லியில் ‘நல்ல பருவமழை’ என்று அறிவிக்கப்படும் செய்திக்கும் கரிசல் காட்டின் நிலைமைக்கும் நேர்த் தொடர்பு இல்லை என்பதை இதிலிருந்து அறியலாம்.

மண்ணே நீர்த்தேக்கம்

இத்தனை நிச்சயமற்ற மழையை நம்பி நூற்றாண்டுகளாக ஊர்கள் எப்படி நிலைத்தன? விடை காலுக்குக் கீழே இருக்கிறது.

தக்காணத்தின் கரிசல் எரிமலைப் பாறையிலிருந்து பிறந்தது. நம் கரிசல் பெரும்பாலும் நைஸ் வகைப் பாறைகள் வறண்ட வானிலையில் சிதைந்து உருவானது. பிறப்பு வேறானாலும் குணம் ஒன்றே. இதிலுள்ள களிமண், நீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்புகள்தான் முதல் மழையின் வாசல்கள். நீர் மேலே ஓடாமல் நேராக ஆழத்துக்கு இறங்கும். பிறகு மண் உப்பி, வெடிப்புகள் மூடிக்கொள்ளும். உள்ளே போன நீர் எளிதில் வெளியேறாது. மேலிருந்து வரும் அடுத்த மழையும் எளிதில் உள்ளே போகாது. கரிசலின் வரமும் சாபமும் இந்த ஒரே குணத்தில் அடங்கியிருக்கின்றன.

கணக்காகப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் ஒரு மி.மீ. மழை என்பது ஏறத்தாழ 4,000 லிட்டர். 25 மி.மீ. மழை பெய்தால் ஏக்கருக்கு ஒரு லட்சம் லிட்டர். ஆழமான கரிசல், ஒரு மீட்டர் ஆழத்துக்குள் பயிர் எடுத்துக்கொள்ளக்கூடிய நீராக 150 முதல் 200 மி.மீ. வரை பிடித்துவைக்கும். அதாவது ஏக்கருக்கு ஆறு முதல் எட்டு லட்சம் லிட்டர். செவல் என்னும் செம்மண்ணிலோ மணற்பாங்கான நிலத்திலோ இதில் பாதியும் நிற்காது. மழை நின்ற பிறகு ஒன்றரை, இரண்டு மாதங்கள் பருத்தியும் மல்லியும் கொண்டைக்கடலையும் உயிரோடிருப்பது இந்த இருப்பைக் கொண்டுதான். மார்கழிப் பனி வெயிலின் கடுமையைத் தணித்து, இருக்கும் ஈரத்தை நீட்டித்துத் தருகிறது.

இந்த இருப்புக்கு இரண்டு எல்லைகள் உண்டு. எல்லா நிலமும் ஒரு மீட்டர் ஆழம் கொண்டதில்லை. அரை மீட்டரில் சுக்கான் கல் தட்டும் காடுகள் பல. அங்கே இருப்பும் பாதிதான். ஒரே ஊரில், ஒரே மழையில், ஒருவர் காட்டில் பயிர் வாடுவதும் பக்கத்துக் காட்டில் பச்சை நிற்பதும் இதனால் வரும் வேறுபாடு. மண் நிறைந்த பிறகு பெய்யும் மழை பயன்படாமல் ஓடும் அல்லது தேங்கி வேரை அழுகச் செய்யும் என்பது இரண்டாவது எல்லை. 700 மி.மீ. மழையில் எவ்வளவு பயனானது என்பதை மேகம் முடிவு செய்வதில்லை. மண்ணின் ஆழமும் மழைக்கு மழை விட்ட இடைவெளியும்தான் முடிவு செய்கின்றன.

புரட்டாசிப் பட்டம்

கரிசல் ஊரின் ஆண்டு, பங்குனி சித்திரைக் கோடை மழையில் தொடங்குகிறது. ஓர் உழவு மழை பெய்ததும் சரிவுக்குக் குறுக்கே உழுது போடுவார்கள். களைகள் வெயிலில் காயும். கட்டிகளுக்கிடையே அடுத்த மழை தங்கும். காற்றுக் காலத்தில் காட்டில் வேலை குறைவு. வரப்பைச் செப்பனிடுவதும், கண்மாய் வண்டலை வண்டியில் அடிப்பதும், ஆட்டுக் கிடை போடுவதும் அப்போதுதான். கரிமப் பொருள் குறைந்த மண் இது. கிடைக்காரர்களுக்கும் சம்சாரிகள் எனப்படும் விவசாயிகளுக்கும் இடையே தலைமுறைகளாக இருந்த உறவின் அடிப்படை, ஓர் இரவு ஆடுகள் படுத்தெழுந்த நிலத்தின் மதிப்பை இரு தரப்பும் அறிந்திருந்ததுதான்.

ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்ததும் ஆண்டின் பெரிய முடிவை எடுக்க வேண்டும். மழை வந்த பிறகு விதைப்பதா, மழைக்கு முன்னால் புழுதியில் விதைப்பதா? கரிசல் நனைந்துவிட்டால் காலை வைக்க முடியாது. கலப்பை இறங்காது, சேறு அப்பிக்கொள்ளும். காய்ந்து பதம் வருவதற்குள் ஒரு வாரம் போய்விடும். அதற்குள் இன்னொரு மழை வந்தால் பட்டமே தப்பிவிடும். ஏற்கெனவே குறுகிய பருவத்தில் இரண்டு வாரத்தை இழந்தால் பயிர் கதிர்விடும் நேரத்தில் மண்ணில் ஈரம் இருக்காது. ஆகவே துணிந்து புழுதியில் விதைப்பவர்கள் பலர்.

இந்தத் துணிவுக்குப் பின்னால் அறிவியல் இருக்கிறது. 1901-இல் தொடங்கப்பட்ட கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம், தென்னாட்டின் பழமையான மானாவாரி ஆராய்ச்சிக் களங்களில் ஒன்று. கருங்கண்ணிப் பருத்தி வகைகளும் ‘கே’ என்ற எழுத்தைப் பெயரில் தாங்கிய பருத்தி, சோள இரகங்களும் அங்கிருந்து வந்தவை. பருவமழைக்கு இரண்டு மூன்று வாரம் முன்பாக, செப்டம்பர் நடுவிலிருந்து மாத முடிவுக்குள், ஐந்து செ.மீ. ஆழத்தில் விதைக்கும் முன்பருவ விதைப்பை அந்த நிலையம் ஆராய்ந்து பரிந்துரைத்தது. ஆழத்தில் கிடக்கும் விதை சிறு தூறலுக்கு ஏமாறாது. 20, 25 மி.மீ. மழை ஒருசேரப் பெய்து ஈரம் கீழே இறங்கினால்தான் முளைக்கும். முளைத்தால் அந்த ஈரமே அடுத்த மழை வரை தாங்கும். விதையைப் பொட்டாசியம் உப்புக் கரைசலில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தால் வறட்சியைத் தாங்கும் திறனும் கூடும்.

ஆனாலும் வானம் சில ஆண்டுகளில் எல்லாக் கணக்கையும் குலைக்கும். புரட்டாசி முதல் வாரத்தில் ஓர் இடிமழை 25 மி.மீ. கொடுத்துவிட்டு மூன்று வாரம் வராமல் போகும். முளைத்தது கருகும். காட்டைக் கலைத்து மறுபடி விதைக்க வேண்டும். விதைக்காசு, டிராக்டர் வாடகை, ஆள் கூலி எல்லாம் இரண்டாம் முறை. சில ஆண்டுகளில் மூன்றாம் முறை. அந்த ஆண்டின் மழைப் புள்ளிவிவரத்தைப் பார்த்தால் ‘இயல்பு’ என்றே பதிவாகியிருக்கும்.

ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு நடுவே வெயில் அடிக்கும் நாள்கள் களையெடுப்புக்கானவை. பெண்களின் உழைப்பே அந்த வாரங்களில் பயிரைக் காப்பாற்றுகிறது. உளுந்தும் பாசியும் மார்கழிக் கடைசியில் நெற்றாகும். தையில் கம்பும் சோளமும் களத்துக்கு வரும். மாசி பங்குனியில் பருத்தி வெடிக்கும், மல்லியும் மிளகாயும் காயும். நான்கு மாத மழையையும் மண்ணின் இருப்பையும் எட்டு மாத வாழ்வாக நீட்டும் ஏற்பாடு இது.

வந்தவர்களும் விதைத்தவர்களும்

இந்த ஏற்பாட்டை உருவாக்கியவர்கள் யார்? விஜயநகர, மதுரை நாயக்கர் ஆட்சிக் காலங்களில், 16-ஆம் நூற்றாண்டை ஒட்டி, தெலுங்கு பேசும் குடிகள் பலர் தெற்கே வந்து கரிசல் காடுகளில் குடியேறினார்கள். கறுப்பு மண்ணின் குணத்தைத் தம் சொந்த நாட்டிலேயே அறிந்தவர்கள். ஆற்றங்கரை நஞ்சைகள் ஏற்கெனவே மற்றவர் கையில் இருந்தன. காடு வெட்டித் திருத்த வேண்டிய கரிசல்தான் எஞ்சியது. இடையர்களும் மறவர்களும் நாடார்களும் ஒடுக்கப்பட்ட உழைப்பாளிச் சாதியினரும் முன்பின்னாக இதே மண்ணில் வாழ்ந்தார்கள். மண்ணைப் பண்படுத்தியவர்களில் பெரும்பகுதியினருக்கு நிலம் சொந்தமாக இருக்கவில்லை என்பதைச் சொல்லாமல் கரிசலின் வரலாறு முழுமையாகாது. மழை பொய்த்த ஆண்டில் நிலம் உள்ளவர் கடன்பட்டார். நிலம் இல்லாதவர் ஊரைவிட்டுப் போனார்.

எட்டயபுரம், பாஞ்சாலங்குறிச்சி முதலிய பாளையங்கள் இந்த வறண்ட நிலத்தின் அரசியல் அமைப்பாக இருந்தன. 1799 அக்டோபரில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு இந்த வட்டாரத்தில்தான் உள்ளது. பாளையங்கள் ஒடுங்கி ஜமீன்கள் ஆயின. 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரை வரியும் வாரமும் அந்த அமைப்பின் வழியே சென்றன.

வெளி உலகத்தோடு கரிசலை இணைத்தது பருத்தி. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது இங்கிலாந்தின் ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி நின்றுபோனது. இந்தியப் பருத்திக்கு விலை ஏறியது. திருநெல்வேலிச் சீமைப் பருத்தி தூத்துக்குடித் துறைமுகம் வழியே கப்பலேறியது. 1870-களில் தூத்துக்குடிக்கு இரயில் பாதை வந்ததும் வணிகம் பெருகி, கோவில்பட்டி பருத்தி நகரமாக வளர்ந்தது. அதே பத்தாண்டில்தான் 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சமும் வந்தது. பணப்பயிரும் இரயிலும் இருந்தும் சென்னை மாகாணத்தில் மக்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள். சந்தையோடு இணைந்திருப்பது மட்டும் ஓர் ஊரை வானத்திலிருந்து காப்பாற்றாது என்ற பாடம் அப்போதே எழுதப்பட்டுவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் தீப்பெட்டித் தொழில் பரவியதற்கும் வானிலையே முதல் காரணம். தீக்குச்சி காய்வதற்கு வறண்ட காற்றும் வெயிலும் வேண்டும். காட்டில் வேலையில்லாத மாதங்களில் கூலிக்கு ஆளும் இருந்தார்கள். பயிருக்குப் பகையான அதே வறட்சி ஆலைக்கு நட்பானது. அந்த நட்பின் விலையைப் பல பத்தாண்டுகளுக்குக் குழந்தைத் தொழிலாளர்கள் கொடுத்தார்கள்.

மழையையும் மண்ணையும் பற்றிய கரிசல் மக்களின் அனுபவ அறிவு ஏட்டில் ஏறியதற்குக் கி. ராஜநாராயணனுக்குத் தமிழ்ச் சமூகம் கடன்பட்டிருக்கிறது. தாமே சம்சாரியாக இருந்தவர். வட்டாரச் சொற்களைத் திரட்டி அகராதியாக்கினார். ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். 2021 மே மாதம் அவர் மறைந்தபோது அரசு மரியாதையோடு இடைசெவலில் இறுதிச் சடங்கு நடந்தது. மழை, மண், மாடு, விதை பற்றி அவர் பதிந்து வைத்தவை இலக்கியச் சுவைக்கானவை மட்டுமல்ல; ஒரு வட்டாரத்தின் வேளாண் ஆவணம்.

மூன்று இழப்புகள்

அண்மைக் காலத்தின் மூன்று பருவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஆண்டுச் சராசரி எவ்வளவு போதாத அளவுகோல் என்பது விளங்கும்.

முதலாவது 2016. அந்த ஆண்டின் வடகிழக்குப் பருவத்தில் தமிழகம் சராசரியாகப் பெற வேண்டியது 440 மி.மீ. கிடைத்தது 170 மி.மீ.க்கும் குறைவு. 62 விழுக்காடு பற்றாக்குறை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பதிவுகளில் மிக மோசமான பருவங்களில் ஒன்று. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. புழுதியில் விதைத்த விதை மண்ணிலேயே கிடந்தது. இது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த இழப்பு. அளவுகோலும் சரியாகக் காட்டியது.

இரண்டாவது 2021 ஜனவரி. வழக்கமாகத் தமிழகத்தில் மிகக் குறைந்த மழை பெய்யும் மாதங்களில் ஒன்று ஜனவரி. அந்த ஆண்டு இயல்பைவிடப் பல மடங்கு பெய்தது. நெற்றாகி அறுவடைக்கு நின்ற உளுந்தும் பாசியும் செடியிலேயே முளைத்தன. விளைந்துவிட்டது என்று நம்பிய பயிர் கை நழுவியது. தண்ணீர்க் கணக்கில் மாநிலத்துக்கு நல்ல செய்தி, அணைகள் நிறைந்தன. கரிசல் ஊர்களுக்கோ பருவத்தின் உழைப்பு பத்து நாளில் போயிற்று.

மூன்றாவது 2023 டிசம்பர். 17, 18 தேதிகளில் குமரிக் கடலை ஒட்டி நின்ற காற்றுச் சுழற்சி தென் மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவானது. கோவில்பட்டியில் 50 செ.மீ.க்கு மேல். ஆண்டு முழுதும் பெய்ய வேண்டியதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே நாளில்! ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர் என்று கொள்ளுங்கள். ஏற்கெனவே நனைந்து உப்பியிருந்த கரிசல் அதில் எதையும் ஏற்றுக்கொள்ளும் நிலையில் இல்லை. கண்மாய்கள் உடைந்தன. மக்காச்சோளமும் உளுந்தும் வெங்காயமும் மிளகாயும் தண்ணீரில் நின்றன. அந்த ஆண்டின் மொத்த மழையை மட்டும் பார்ப்பவருக்கு அது உபரி மழை ஆண்டு.

மழை இன்மை, காலம் தப்பிய மழை, ஒரே நாளில் கொட்டிய மழை. மூன்றிலும் இழப்பு ஒன்றே. அளவுகோல் ஒன்றை மட்டுமே இழப்பாகக் காட்டியது. புவி வெப்பமாவதால் காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்குகிறது, குறுகிய நேரத்தில் கொட்டும் பெருமழைகள் அதிகரிக்கின்றன என்று வானிலை அறிவியல் சொல்கிறது. பின்னிரண்டு வகை இழப்புகளும் இனி அரிதாக இருக்கப்போவதில்லை.

மாறிய பயிர், குறைந்த காப்பு

இத்தகைய வானிலைக்குக் கரிசல் ஊர்கள் கண்டிருந்த காப்பு கலப்புப் பயிர். பருத்திக்கு நடுவே உளுந்து, ஓரத்தில் துவரையும் ஆமணக்கும். மிளகாய், மல்லி, வெங்காயம் மூன்றும் ஒரே காட்டில். ஒன்றுக்கு வேண்டிய மழை இன்னொன்றுக்கு வேண்டாதது. ஒன்று முந்தி விளையும், ஒன்று பிந்தி நிற்கும். எந்த வரிசையில் மழை வந்தாலும் ஏதோ ஒன்று கைக்கு வரும். கம்பும் குதிரைவாலியும் குறைந்த ஈரத்தில் சோறு தந்தன. கதிர் அறுத்த தட்டை மாட்டுக்குப் போனது, சாணம் காட்டுக்குப் போனது.

கடந்த கால் நூற்றாண்டில் இது பெருமளவு மாறிவிட்டது. மாடுகள் குறைந்து டிராக்டர் வந்தது. டிராக்டரைக் குறை சொல்வதற்கில்லை. பதம் நிற்கும் இரண்டு மூன்று நாளில் பல ஏக்கரை விதைத்து முடிக்க மாட்டு ஏரால் முடியாது. குறுகிவரும் விதைப்புக் காலத்தில் அது பெரிய உதவி. ஆனால் மாடு போனதோடு தட்டையின் தேவையும் போயிற்று, எருவும் போயிற்று. சிறுதானியங்களின் இடத்தில் கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளம் பரவியது. விலை கிடைத்தது, விற்பதும் எளிது. ஆனால் மக்காச்சோளம் பூக்கும் நேரத்தில் ஈரம் இல்லையென்றால் கதிரில் மணி பிடிக்காது. 2018-இல் இந்தியாவுக்குள் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அமெரிக்கப் படைப்புழு அதே பருவத்திலேயே தமிழகத்து மக்காச்சோளக் காடுகளைத் தாக்கியது. ஒரே பயிர் நின்ற ஊர்களில் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் இழப்பு. காட்டுப்பன்றிகளும் பெருகிவிட்டன, கதிர் முற்றும் காலத்தில் இரவுக் காவல் இல்லாமல் மக்காச்சோளத்தை வீடு சேர்க்க முடிவதில்லை.

தரிசாக விடப்பட்ட நிலத்தைச் சீமைக் கருவேல் பிடித்துக்கொண்டது. விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் அது வருமானம் தருகிறது என்பதை மறுக்க முடியாது. மறுபடி அந்த நிலத்தை உழவுக்குக் கொண்டுவர ஆகும் செலவு சிறு விவசாயியின் கைக்கு எட்டாதது. இளைஞர்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விட்டார்கள். வானத்தைப் படிக்கத் தெரிந்த தலைமுறை முதுமையில் இருக்கிறது. இழப்புகளில் இதுவே ஈடுசெய்ய மிகக் கடினமானது.

செய்யத் தக்கவை

வானிலையை மாற்ற முடியாது. அதை அளக்கும் முறையையும் அதற்கு ஈடுகொடுக்கும் முறையையும் மாற்றலாம்.

முதலில் அளவீடு. தமிழக அரசு அண்மை ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தானியங்கி மழைமானிகளை நிறுவியிருக்கிறது, நல்ல தொடக்கம். ஓடைக்கு ஓடை மழை மாறும் கரிசலில் ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு மழைமானி வேண்டும். அதன் பதிவு ஊர் மக்கள் படிக்கும்படி ஊராட்சிப் பலகையில் நாள்தோறும் எழுதப்பட வேண்டும். மொத்த மழையோடு விதைப்பு மழை பெய்த நாள், அதன் பின் மழையற்ற நாள்களின் எண்ணிக்கை, அறுவடைக் காலத்து மழை நாள்கள் ஆகியவையும் பதிவாக வேண்டும். செலவு மிகக் குறைவு. பள்ளிக் குழந்தைகளே செய்யக்கூடிய வேலை.

அடுத்தது காப்பீடு. 2016-இல் தொடங்கிய பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் குளிர்கால உணவுப் பயிர்களுக்கு விவசாயி செலுத்துவது காப்பீட்டுத் தொகையில் 1.5 விழுக்காடு மட்டுமே. அது நியாயமான கட்டணம். சிக்கல் வேறிடத்தில் உள்ளது. விதைப்பு பொய்த்ததற்கான இழப்பீடு, ஒரு காப்பீட்டு அலகின் முக்கால் பங்குக்கு மேற்பட்ட பரப்பு விதைக்கப்படாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு என்ற அளவில்தான் கிடைக்கும். கரிசலில் விதைக்காமல் யாரும் இருப்பதில்லை. விதைத்து, கருகி, மறுபடி விதைக்கிறார்கள். பதிவேட்டில் அது விதைத்த நிலம். இரண்டாம் விதைப்பின் செலவு எவர் கணக்கிலும் ஏறுவதில்லை. மறுவிதைப்புக்குத் தனி இழப்பீடு, அதை ஊர் மழைமானியின் பதிவைக் கொண்டே உடனே வழங்கும் ஏற்பாடு, இவை இரண்டும் கரிசலுக்குக் கட்டாயம் வேண்டும்.

மூன்றாவது, மண்ணின் இருப்பைக் கூட்டுவது. சரிவுக்குக் குறுக்கே வரப்பு, கோடை உழவு, கண்மாய் வண்டல், கிடை ஆகியவை ஏற்கெனவே ஊர் அறிந்த வழிகள். மண் நிறைந்த பின் ஓடும் நீரைப் பிடிக்கப் பண்ணைக் குட்டைகள் உதவும். பூக்கும் காலத்தில் ஒரே ஒரு தண்ணீர் கொடுக்க முடிந்தால் விளைச்சலையே மாற்றிவிடலாம். பெருமழையில் வயலிலிருந்து நீர் வடியும் வழியும் இதே திட்டத்துக்குள் வர வேண்டும். ஓடைகளின் ஆக்கிரமிப்பை அகற்றாமல் குட்டை மட்டும் வெட்டுவது 2023-ஐ மறந்ததாகும்.

நான்காவது, கலப்புப் பயிருக்கு விலை. கம்பையும் குதிரைவாலியையும் விதைக்கச் சொல்லும் அரசு, அவற்றை நியாய விலையில் வாங்கிப் பள்ளிச் சத்துணவுக்கும் ரேஷன் கடைக்கும் கொண்டுசெல்ல வேண்டும். விற்க வழியில்லாத பயிரைப் பாரம்பரியத்துக்காக எவரும் விதைக்க மாட்டார்கள், விதைக்கும்படி கேட்பதும் நியாயமில்லை.

கரிசல் ஊர்கள் பிச்சை கேட்கவில்லை. தண்ணீர் கொண்டுவர முடியாத இடத்தில், அரசின் பாசனச் செலவு ஒரு ரூபாயும் இல்லாமல், இந்த நாட்டுக்குப் பருப்பும் பருத்தியும் சிறுதானியமும் தந்தவர்கள் அவர்கள். தமிழகத்தின் சாகுபடிப் பரப்பில் கணிசமான பங்கு இன்னும் வானம் பார்த்த நிலம்தான். ஆற்றுப் பாசனத்துக்கு அணை திறக்கும் தேதி அரசாணையாக வருகிறது. அந்தத் தேதி தவறினால் சட்டமன்றத்தில் கேள்வி எழுகிறது. புரட்டாசிப் பட்டத்துக்கும் அதே மதிப்பைத் தர வேண்டும். விதைப்பு மழை வந்த நாளையும் வராத நாளையும் அரசின் கணக்கில் ஏற்றுவதுதான் அதற்கான முதல் வேலை. அந்த ஒரு பதிவு இருந்தால் நிவாரணமும் காப்பீடும் ஆராய்ச்சியும் கரிசலின் உண்மையான ஆண்டைப் பார்த்து இயங்கத் தொடங்கும்.